கைப்பிள்ளையோடு கப்பல் பயணம்: நம் ராமநாதபுரம் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மகளுக்கு ஒன்பது மாதம் ஆனபோது சிங்கப்பூரில் கப்பல் ஏறி, பினாங்கும் புக்கெட்டும் பார்த்துவிட்டு அங்கேயே திரும்பும் நான்கு இரவுப் பயணம் போய்வந்தோம். நான், வீட்டுக்காரர், அம்மா, அப்பா, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தம்பி. அன்றிலிருந்து ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் காய் வாங்கப் போனாலும், கீழக்கரையில் கல்யாண வீட்டுக்குப் போனாலும், யாராவது ஒருவர் என்னை ஓரங்கட்டிக் கேட்காமல் விடுவதில்லை. கேட்பதும் நியாயம்தான். இந்தக் கரையில் பாதி வீட்டுக்குக் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் இருக்கிறார். லீவுக்கு ஊருக்கு வருவதற்குப் பதில் "நீங்க எல்லாரும் வாங்க, கப்பல்ல போகலாம்" என்று டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். வீட்டில் ஒரு கைப்பிள்ளை இருப்பது அதற்கப்புறம்தான் நினைவுக்கு வருகிறது.

கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதியிருக்கிறேன்.

"எத்தனை மாசப் பிள்ளையை ஏத்துவாங்க?"

பெரும்பாலான நிறுவனங்கள் 6 மாதம் முடிந்த பிள்ளையை ஏற்றிக்கொள்கின்றன. இடையில் கரை தொடாமல் மூன்று நாளோ அதற்கு மேலோ தொடர்ந்து கடலிலேயே ஓடும் பயணம் என்றால் 12 மாதம் கேட்பார்கள். பச்சைப்பிள்ளைக்கு அவசரம் என்றால் கப்பலில் இருக்கும் வசதி போதாது, கரை பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் காரணம். வயதைக் கப்பல் ஏறும் நாளில் பார்ப்பார்கள். ஐந்து மாதத்தில் பதிவு செய்துவிட்டு ஏழாம் மாதத்தில் ஏறலாம்.

என்னைக் கேட்டால், நன்றாக உட்காரத் தெரிந்து, இன்னும் நடக்காத எட்டு முதல் பதினோரு மாதம்தான் தோதான காலம். நடக்க ஆரம்பித்துவிட்டால் கப்பலைச் சுற்றிப் பார்க்க முடியாது, பிள்ளை பின்னால் ஓடத்தான் நேரம் சரியாக இருக்கும்.

"நம்ம ராமேஸ்வரத்துலேருந்தே கப்பல் இருக்கா?"

இல்லை. நம் பக்கத்துக் கடல் ஆழமில்லாதது. ராமர் பாலத்து மணல்திட்டுகளைத் தாண்டப் பெரிய கப்பல்களால் முடியாது, இலங்கையைச் சுற்றித்தான் போகின்றன. சென்னையிலிருந்து 2022 ஜூனில் கார்டெலியா கப்பல் ஓடத் தொடங்கியது. மும்பை, கொச்சியிலும் ஏறலாம், ஆனால் எந்த ஊரிலிருந்து எந்த மாதம் என்பது மாறிக்கொண்டே இருக்கும். நம் ஆட்கள் அதிகம் போவது சிங்கப்பூர் வழிதான். திருச்சியில் விமானம் ஏறினால் நேராகப் போய்விடலாம்.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கியது பயணிகள் படகு. பகலில் சில மணி நேரத்தில் கொண்டுபோய் விடும். அதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். 1964 புயல் வரை தனுஷ்கோடியிலிருந்தும், அப்புறம் 1980-கள் வரை ராமேஸ்வரத்திலிருந்தும் தலைமன்னாருக்குக் கப்பல் ஓடியது. போட் மெயில் என்ற ரயில் பெயர் அதில் மிஞ்சியதுதான். என் அப்பத்தா இடுப்பில் ஒரு பிள்ளையோடு ராமானுஜம் கப்பலில் போய்வந்தவர். "இதுக்குப் போயி இவ்வளவு கேள்வியா" என்று அவர் இருந்தால் கேட்டிருப்பார்.

"முதல்ல இங்கனயே போட்டுல ஏத்திப் பழக்கிப் பார்ப்போமா?"

காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் போகும் படகு, பாம்பனிலிருந்து குருசடைத் தீவுக்குப் போகும் படகு இரண்டையும் மனதில் வைத்துத்தான் கேட்கிறார்கள். வேண்டாம். நான் பார்த்த வரை சுற்றுலாப் படகுகளில் இருக்கும் உயிர்காப்பு உடை பெரியவர்களுக்கும் கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கும்தான் சரிவரும். எட்டு கிலோ பிள்ளைக்கு அதை மாட்டினால் தண்ணீரில் உடை மேலே நிற்கும், பிள்ளை கீழே நழுவிவிடும். போதாததற்கு வெயில்.

கப்பல் வேறு. 15 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கென்று தனி உயிர்காப்பு உடை இருக்க வேண்டும் என்பது பன்னாட்டுக் கப்பல் பாதுகாப்பு விதி. ஆனால் அது உங்கள் அறையில் தயாராகத் தொங்காது. ஏறியவுடன் அறைப் பணியாளரிடம் கேட்டு வாங்கி, ஒரு முறை போட்டுப் பாருங்கள். புறப்படும் முன் எல்லோருக்கும் அவசரகாலப் பயிற்சி நடக்கும். பிள்ளை தூங்குகிறது என்று அதைத் தட்டிக்கழிக்க முடியாது.

"மடியிலதானே வச்சிருக்கப்போறோம், அதுக்கு எதுக்குத் தனி டிக்கெட்?"

பஸ் பழக்கம். கப்பலில் ஆறு மாதப் பிள்ளையும் ஒரு ஆள்தான், ஏனென்றால் உயிர்காப்புப் படகில் தலைக்கு ஓர் இடம் கணக்கு. அறையிலும் அப்படியே. இரண்டு பேர் அறையில் மூன்றாவதாகப் பிள்ளையைச் சேர்க்க முடியாது, மூன்று பேர் தங்கும் அறையாகத்தான் எடுக்க வேண்டும். பதிவு செய்யும்போதே பிள்ளை பெயரைச் சேர்த்துவிடுங்கள். கட்டணம் சில கப்பல்களில் குறையும், சிலவற்றில் துறைமுக வரி மட்டும் வாங்குவார்கள். "அப்புறம் சேர்த்துக்கலாம்" என்று விட்டால் கப்பல் நிறைந்து, பிள்ளைக்கு இடமில்லை என்ற நிலை வரலாம்.

"பிள்ளைக்கு என்ன பேப்பர் வேணும்? அவங்க வாப்பா துபாய்ல இருக்காங்களே, கையெழுத்துக்கு என்ன செய்ய?"

இந்தியக் கரையில் ஏறி, வேறு நாட்டுத் துறைமுகம் எதையும் தொடாமல் திரும்பும் பயணத்துக்குப் பிறப்புச் சான்றிதழும் நீல நிற ஆதாரும் போதும். வேறு நாட்டுத் துறைமுகம் தொட்டால் கைப்பிள்ளைக்கும் தனி பாஸ்போர்ட். நம் மாவட்டம் மதுரை மண்டல அலுவலகத்தின் கீழ் வருகிறது. பிள்ளைகளுக்கான கட்டணம் 1,000 ரூபாய், 8 வயதுக்குக் கீழ் என்றால் அதில் 10 சதவீதம் குறையும். ஐந்து வருடம் செல்லும். 4 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைக்கு வெள்ளைப் பின்னணியில் எடுத்த போட்டோவை நாம் கொண்டுபோக வேண்டும். கண் திறந்திருக்க வேண்டும், பிடித்திருக்கும் கை படத்தில் தெரியக் கூடாது. வெள்ளைப் போர்வையை விரித்துப் படுக்கவைத்து மேலிருந்து எடுப்பதுதான் எளிது.

பெற்றோர் இருவரும் இணைப்பு டி படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் வெளிநாட்டில் இருந்தால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற உறுதிமொழியை அனுப்பினால் போதும், அதற்காக லீவு போட்டு வர வேண்டியதில்லை. இன்னொன்று: பெயர். நம் வழக்கப்படி பிள்ளைக்கு ஒற்றைப் பெயர் வைத்து, குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவார்கள். பின்னால் டிக்கெட் போடுகிற இடத்தில் எல்லாம் அது வம்பு. விண்ணப்பத்திலேயே அப்பா பெயரை அந்தக் கட்டத்தில் போட்டுவிடுங்கள்.

விசாவும் கவனம். சிங்கப்பூரில் ஏறி வேறு நாடு போய்த் திரும்புகிறோம் என்றால் சிங்கப்பூருக்குள் இரண்டு முறை நுழைகிறோம். பிள்ளையின் விசா உட்பட எல்லாம் அதற்கு இடம் கொடுக்கிறதா என்று பாருங்கள்.

"கடக்காத்து பச்சப்புள்ளைக்கு ஆகுமா தாயி?"

ஏர்வாடியில் ஒரு பெரியம்மா கேட்டது. அவர் வீட்டு வாசலிலிருந்து கடல் கூப்பிடு தூரம். பிறந்த நாளிலிருந்து அந்தப் பிள்ளை மூச்சுவிடுவது கடல்காற்றைத்தான். கப்பலில் பயப்பட வேண்டியது கடல்காற்றுக்கு அல்ல, ஏசிக்கு. சாப்பாட்டுக் கூடம், அரங்கம் எல்லாம் ஐஸ் பெட்டி மாதிரி இருக்கும். கால் மூடிய உடுப்பு இரண்டு கூடுதலாக எடுங்கள்.

"வாந்தி எடுத்துக்கிட்டே இருந்தா என்ன பண்ண? அவோமின் அரை மாத்திரை குடுக்கலாமா?"

கொடுக்கவே கூடாது. அவோமினில் இருப்பது புரோமெத்தசின். இரண்டு வயதுக்குக் கீழ் அது மூச்சை அடக்கிவிடக்கூடிய மருந்து. பயண வாந்திக்கான மற்ற மாத்திரைகளையும் இந்த வயதில் தாமாகக் கொடுக்கக் கூடாது. வசம்பை உரைத்து நாக்கில் தடவுவதும் வேண்டாம். கையில் வளையலாகக் கட்டிவிடுவது அம்மாச்சிமார் திருப்திக்கு, அதையும் பிள்ளை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நல்ல செய்தி, இரண்டு வயதுக்குக் கீழ் கடல்மயக்கம் அரிது. விழுவது தாய்தான். பினாங்கு விட்டு புக்கெட் நெருங்கிய இரவில் கப்பல் லேசாக ஆடியதும் நான் குளியலறையை விட்டு வெளியே வரவில்லை. என் மகள் தாத்தா மடியில் உட்கார்ந்து கரண்டியால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தாள். பால் கொடுக்கும் தாய்மார்கள் தங்களுக்கு எந்த மாத்திரை சரி என்று கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அறை எடுக்கும்போது கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் கேளுங்கள், அங்கேதான் ஆட்டம் குறைவு. நாங்கள் விலையைப் பார்த்து முன்பக்கம் எடுத்தோம்.

பிள்ளையே திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால் அதைக் கடல்மயக்கம் என்று விட்டுவிடாமல் கப்பல் டாக்டரிடம் காட்டுங்கள். வயிற்றுத் தொற்றாக இருக்கலாம்.

"தொட்டில் இல்லாம எம்புள்ள தூங்காதே. ரூமுல சேலை கட்ட முடியுமா?"

அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். முடியாது. மேலே கொக்கியோ உத்தரமோ இல்லை. கூரையில் கொக்கி மாதிரி நீட்டிக்கொண்டிருப்பது தீயணைக்கத் தண்ணீர் தெளிக்கும் குழாய். அதில் தப்பித்தவறியும் எதையும் தொங்கவிடாதீர்கள், உடைந்தால் அறை முழுக்க வெள்ளம். என் அம்மா இரண்டு பழைய நூல்சேலையைப் பெட்டியில் வைத்து வந்து, அலமாரிக் கைப்பிடிக்கும் கட்டில் காலுக்கும் முடிச்சுப் போட்டுப் பார்த்தார். அறைப் பணியாளர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கம்பி வைத்த குட்டிக் கட்டிலைக் கொண்டுவந்து வைத்தார். அது இலவசம்தான், ஆனால் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

முதல் இரவு ஒரு மணி வரை அழுகை. "கப்பலே தொட்டில் மாதிரி ஆட்டும்க்கா" என்று தம்பி சொல்லியிருந்தான். மலாக்கா நீரிணையில் இரண்டு பக்கமும் நிலம், கப்பல் அசையவே இல்லை. ஆகவே கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே வீட்டில் தொட்டிலை அவிழ்த்துவிட்டு, பாயில் மல்லாக்கப் படுக்கவைத்துத் தட்டித் தூங்கவையுங்கள். நாலைந்து நாள் தெருவே கேட்கும்படி அழும், அப்புறம் பழகிவிடும். கப்பல் கட்டிலில் தலையணை, மடித்த சேலை எதுவும் உள்ளே போட வேண்டாம்.

"எப்படிக் குளிப்பாட்டுறது? சாம்பிராணி போடலாமா?"

சாம்பிராணி பேச்சே கூடாது. கப்பலில் தீயைவிடப் பெரிய பயம் வேறில்லை. புகை கிளம்பினால் அபாய மணி அடிக்கும், ஆள் ஓடிவரும். ஊதுவத்தி, விளக்கு, கொசுவத்தி எல்லாவற்றுக்கும் இதே பதில்.

குளியல் கொஞ்சம் சிரமம். காலை நீட்டி உட்கார்ந்து பிள்ளையைக் காலில் போட்டு, எண்ணெய் தேய்த்து ஊற்றுகிற குளியலுக்கு ஆறடி தரை வேண்டும். கப்பல் குளியலறை நம் துணி பீரோ அளவு. அம்மா ஒரு காலை வெளியே நீட்டிப் பார்த்தார், கதவு சாத்தவில்லை. கடைசியில் காற்றடைக்கும் சின்னத் தொட்டியை தம்பி வாங்கி வந்தான், அதில் கைக்குழாயால் ஊற்றினோம். எண்ணெயை நான்கு நாள் நிறுத்தினால் ஒன்றும் ஆகாது. எண்ணெய்க் காலோடு வழுவழுத் தரையில் யாராவது விழுந்தால்தான் ஆகும்.

"பாலு, கஞ்சிக்கெல்லாம் என்ன வழி?"

தாய்ப்பால் என்றால் கவலையே இல்லை. பவுடர் பால் என்றால் பயணம் முழுவதற்கும், ஒரு நாளைக்குக் கூடுதலாகவும், உடைக்காத டப்பாவாகக் கொண்டுபோங்கள். நடுவழியில் வேறு பவுடருக்கு மாறினால் வயிறு கோளாறு பண்ணும். கெட்டில், மின் அடுப்பு, இஸ்திரிப் பெட்டி போன்று சூடாகிற எதையும் பெரும்பாலான கப்பல்களில் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். நல்ல எவர்சில்வர் பிளாஸ்க் ஒன்று எடுத்துப்போய் உணவுக் கூடத்தில் கொதிநீர் பிடித்துக்கொள்ளலாம். பவுடரைக் கலக்கும்போது தண்ணீர் 70 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும், கலந்தபின் ஆறவைத்துக் கொடுக்க வேண்டும்.

வீட்டில் வறுத்து அரைத்த சத்துமாவை பாலித்தீன் பையில் கட்டிக் கொண்டுபோனால் தடுக்க வாய்ப்பு அதிகம். சீல் பிரிக்காத பாக்கெட்டுக்குத் தடையில்லை. உணவுக் கூடத்தில் குழைந்த சோறு, வேகவைத்த காய், வாழைப்பழம், தயிர் கிடைத்தன, பிள்ளைக்கு அது தாராளம். உப்பு, காரம் போடாமல் தனியாகக் கேட்டால் செய்து தருகிறார்கள். ஹலால், சைவம் எல்லாம் பதிவின்போதே சொல்லிவிட வேண்டும். தேனை ஒரு வயது வரை நாக்கில் காட்டக் கூடாது, கப்பலிலும் வீட்டிலும்.

"டயப்பர் கப்பல்ல கிடைக்குமா? நீச்சல் குளத்துல இறக்கலாமா?"

கடையில் இருந்தால் அதிர்ஷ்டம், இருந்தாலும் விலை கசக்கும். ஒரு நாளைக்கு எட்டு என்று கணக்கிட்டு எடுங்கள். துணி கட்டிப் பழக்கிய வீட்டுக்காரர்கள் நான்கு நாளைக்கு மனதை மாற்றிக்கொள்ளுங்கள், காயப்போட இடமில்லை.

குளத்தில் இறக்கக் கூடாது. நீச்சல் டயப்பர் போட்டிருந்தாலும் பொதுக் குளத்தில் பெரும்பாலான கப்பல்கள் விடுவதில்லை, வயிற்றுப்போக்குக் கிருமி பரவும் என்பதால். சில கப்பல்களில் டயப்பர் பிள்ளைகளுக்கென்றே தண்ணீர் தெளிக்கும் இடம் தனியாக உண்டு.

"நடுக்கடல்ல காய்ச்சல் வந்தா யாரைக் கூப்பிட?"

108 வராது. கப்பலில் டாக்டரும் நர்சும் இருப்பார்கள், குழந்தை மருத்துவர் இருப்பார் என்று எண்ண வேண்டாம். கட்டணம் தனி, கூசவைக்கும். கப்பல் பயணத்தையும் அவசரமாகக் கரை சேர்ப்பதையும் சேர்த்த காப்பீடு பிள்ளை பெயரிலும் எடுங்கள். பிள்ளையின் எடைக்கு எத்தனை மில்லி பாராசிட்டமால் என்று உங்கள் டாக்டரிடம் எழுதி வாங்கி, ஓஆர்எஸ் பாக்கெட்டோடு கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

தடுப்பூசி அட்டையைப் பாருங்கள். ஊசி போட்டு ஓரிரு நாள் காய்ச்சல் வருவது சகஜம், அதனால் கப்பல் ஏறுவதற்கு முந்தின நாள் போடாதீர்கள். தட்டம்மை ஊசி 9 மாதம் முடிந்ததும் போடுவது. அதற்குள் வெளிநாடு என்றால் டாக்டரிடம் கேளுங்கள். கப்பலில் சீக்கிரம் பரவி வாந்தி, வயிற்றுப்போக்கு கொடுக்கிற நோரோ வைரஸுக்கு, கையில் தேய்க்கும் சானிடைசரைவிட சோப்புத் தண்ணீர்தான் நல்லது. பிள்ளையைக் கொஞ்ச வருகிறவர்களிடம் கை கழுவச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. அம்மாவுக்கு அந்தக் கூச்சமே இல்லை.

"எந்த மாசம் போனா கடல் சும்மா இருக்கும்?"

நம் கடல்காரர்கள் கணக்கு சரியாகவே வரும். தை, மாசி, பங்குனி அமைதி. வைகாசியிலிருந்து கச்சான் காற்று அடிக்கும். ஐப்பசி, கார்த்திகை வங்கக் கடலில் புயல் காலம். சென்னையில் ஏறுகிறவர்கள் அதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். சிங்கப்பூர், பினாங்கு வழி எப்போதும் பெரிய தொந்தரவில்லை. புக்கெட் பக்கம் மே முதல் அக்டோபர் வரை அலை கூடும்.

"கரையில நிக்காம, நடுக்கடல்லயே சின்ன போட்டுல இறக்குவாங்களாமே?"

எல்லா இடத்திலும் இல்லை. பினாங்கில் கப்பல் கரையோடு அணைந்து நின்றது, பிள்ளை வண்டியைத் தள்ளிக்கொண்டே இறங்கினோம். புக்கெட்டில் தள்ளி நங்கூரம் போட்டு, சிறு படகில் ஆட்களை இறக்கினார்கள். அலையில் படகு ஏறி இறங்கும்போது பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு கால் வைக்க வேண்டும். மண்டபத்தில் வளர்ந்த என் அப்பா கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "புள்ளையோட இறங்க வேணாம்மா" என்றார். உயிர்காப்பு உடை பற்றி மேலே சொன்னது இங்கேயும் பொருந்தும். நானும் மகளும் தங்கிவிட்டோம். கப்பல் காலியாக, அமைதியாக இருந்தது. அந்தப் பயணத்தில் நான் சூடாகச் சாப்பிட்ட ஒரே மதியம் அதுதான்.

"ராத்திரி ஷோ, டான்ஸ் எல்லாம் பார்க்கணுமே. பிள்ளையை யார்கிட்ட விட?"

சில கப்பல்களில் 6 மாதத்திலிருந்தே காசுக்குப் பார்த்துக்கொள்ளும் அறை உண்டு, இடம் குறைவு, முதல் நாளே பெயர் கொடுக்க வேண்டும். பலவற்றில் டயப்பர் விட்ட மூன்று வயதுப் பிள்ளைகளைத்தான் சேர்ப்பார்கள்.

சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். பிள்ளையை அந்த நேரத்துக்கு மாற்ற முயலாதீர்கள். அங்கே இரவு எட்டு மணி சாப்பாடு அதற்கு மாலை ஐந்தரை, விளையாடுகிற வேளை. காலையிலும் எட்டரை வரை தூங்கும். ஊரில் கிடைக்காத தூக்கம் எனக்கு அங்கே கிடைத்தது. பெரியவர்கள் இருந்தால் இரவை முறை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் அவர்களைக் காவலுக்காகவே கூட்டிப்போனது போல ஆக்கிவிடாதீர்கள். என் அப்பா ஒரு இரவுதான் ஒப்புக்கொண்டார்.

"இன்னும் மொட்டை போட்டு காது குத்தலை. அதுக்கு முன்னாடி கடல் தாண்டலாமா?"

குலசாமி கணக்கு உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுதான், நான் அதில் தலையிடுவதில்லை. ஆனால் "கிளம்புறதுக்கு முந்தின வாரம் முடிச்சுட்டுப் போயிருவோம்" என்பது நல்ல யோசனை இல்லை. புதுமொட்டையை மேல்தளத்து வெயில் பொசுக்கிவிடும். குத்திய காது ஆறச் சில வாரமாகும், அதற்குள் தண்ணீரும் அழுக்குக் கையும் பட்டால் சீழ் பிடிக்கும். இரண்டு மாதம் முன்னாலேயே முடியுங்கள், இல்லாவிட்டால் வந்தபின் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் வந்தபின்தான் வைத்தோம்.

"நீங்க மறுபடி போவீங்களா?"

இப்போது அவளுக்கு ஒன்றே முக்கால் வயது. நாற்காலியைக் கண்டால் ஏறுகிறாள், கதவைக் கண்டால் திறக்கிறாள். போன முறை பால்கனி அறை எடுத்திருந்தோம். இந்த வயதில் அந்தக் கம்பியை நினைத்தாலே அடிவயிறு கலங்குகிறது. தம்பி அடுத்த வருடத்துக்குத் தேதி கேட்கிறான். மூன்று முடியட்டும், டயப்பரும் விட்டிருக்கும், குளத்திலும் இறக்கலாம், ஜன்னல் இல்லாத உள் அறையாகப் போடு என்று சொல்லியிருக்கிறேன்.